மூலிகை கிரீம், ஜெல்: டியூப் தேவையா, பச்சை இலையே போதுமா?

பச்சிலைப்பிரியன்:
கற்றாழை ஜெல் டியூப்பின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். முதலில் தண்ணீர், அடுத்து கெட்டியாக்கும் பொருள், கற்றாழை எங்கோ கடைசியில். முன்பக்கம் முழுக்க மட்டும் கற்றாழைப் படம்! ஒரு மடலை வெட்டிப் பூசினால் முடிகிற வேலைக்கு ப்ரிசர்வேட்டிவ் (கெடாமல் காக்கும் பொருள்), வாசனை, நிறம் எல்லாம் எதற்கு?

ஆய்வகவாசி:
வெட்டியதும் தோலை ஒட்டி மஞ்சளாக வடியுமே, அதில் அலோயின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சிலருக்கு அதுவே அரிப்பையும் தடிப்பையும் தரும். மடலை நிமிர்த்தி வைத்து அதை வடியவிட்டு, கழுவி, நடுவில் கண்ணாடி மாதிரி இருக்கும் சதையை மட்டும் எடுக்க வேண்டும். அந்தச் சதையிலேயே ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர்தான், அதனால் பட்டியலில் தண்ணீர் முதலில் வருவது குற்றமில்லை. ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல் எடுத்து வைத்தால் அந்த ஈரத்தில் கிருமி வளரும். புண் உள்ள தோலில் அதைப் பூசக் கூடாது.

பச்சிலைப்பிரியன்:
அன்றன்றைக்கு வெட்டுகிறவனுக்கு ப்ரிசர்வேட்டிவ் எதற்குங்க? என் கோபம் அளவைப் பற்றியது. வேம்பு, மஞ்சள், துளசி, வல்லாரை என்று வரிசையாகப் பெயர் போடுகிறார்கள். எது எவ்வளவு என்று யாராவது எழுதுகிறார்களா?

ஆய்வகவாசி:
அளவு தெரிந்து செய்தவையும் இருக்கின்றன. 1990-ல் ஆஸ்திரேலியாவில் பரு உள்ள 124 பேரிடம் 5% டீ ட்ரீ ஆயில் (தேயிலை அல்ல, வேறொரு மரத்தின் இலை எண்ணெய்) ஜெல்லையும் வழக்கமான பரு மருந்தான 5% பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, ஆனால் பக்கவிளைவு குறைவு. பச்சைத் தேயிலைச் சாற்றிலிருந்து செய்த களிம்பை 2006-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பிறப்புறுப்பு மருவுக்கு மருந்தாகவே அனுமதித்தது. இலையை அரைத்துப் பூசி இந்த இடத்துக்கு வர முடியாது.

வறண்டதோல்:
எக்ஸிமா என்ற தோல் அழற்சியோடு வாழ்கிறவள் நான். ஒவ்வாமையை இருவருமே கண்டுகொள்ளவில்லை. அதே டீ ட்ரீ ஆயில் காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை தருவது கூடுகிறது. ஆர்னிகா, கெமோமில் என்ற மேலைநாட்டு மூலிகைகள், சாமந்தி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கார்போகரிசி என்ற மூலிகை விதையைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளிக்கும். இலையோ டியூப்போ, புதிதாக எது வந்தாலும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம், தினம் இரண்டு வேளை பூசிப் பார்த்த பிறகுதான் முகத்துக்கு.

பச்சிலைப்பிரியன்:
சரிங்க சகோதரி, அப்படிப் பார்த்துவிட்டே பூசலாம். ஆனால் அளவு?

ஆய்வகவாசி:
ஒரு வழி சொல்கிறேன். பீனாக்ஸிஎத்தனால் என்ற ப்ரிசர்வேட்டிவுக்கு ஐரோப்பிய விதிப்படி உச்சவரம்பு 1 சதவீதம். பட்டியலில் பொதுவாக அதிகம் உள்ளதுதான் முன்னால் வரும், அதனால் அதற்குப் பின்னால் வரும் மூலிகை எதுவும் 1 சதவீதத்தைத் தாண்டாது. ஆனால் சதவீதம் மட்டும் பாதித் தகவல்தான். வல்லாரைச் சாற்றில், வேலை செய்யும் பொருளான மடெகாசோசைட் எவ்வளவு என்பதே முக்கியம். செறிவான சாறு கொஞ்சம் போதும், நீர்த்த சாறு நிறைய இருந்தும் பயனில்லை.

பச்சிலைப்பிரியன்:
அப்படியானால் அந்த மடெகாசோசைட் அளவையும் அட்டையில் அச்சடிக்கட்டும். அதைச் சொல்லாத டியூப்பை நான் வாங்கப் போவதில்லை.