வெட்டு வலப்பக்கம் வளைகிறது: பாரைச் சரிசெய்யலாமா, மாற்றணுமா?

வணக்கம் நண்பர்களே. செயின்சாவில் இருப்பது 0.325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி அளவு), 1.5 மி.மீ. கேஜ் (கண்ணித் தடிமன்) செயின். தடித்த கட்டையில் பாதி இறங்கியதும் வெட்டு வலப்பக்கம் வளைந்து, பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) இறுகிவிடுகிறது.

செயினில் குறை தெரியவில்லை. 4.8 மி.மீ. உருண்டை அரத்தால் 30 டிகிரியில் தீட்டியது. இருபுறப் பற்களும் காலிப்பரில் ஒரே நீளம் (ஒரு பக்கப் பற்கள் நீளமாக இருந்தால் வெட்டு அந்தப் பக்கம் இழுக்கும், அதனால் முதலில் அளந்தது அதைத்தான்). டெப்த் கேஜ் (பல்லுக்கு முன்னால் வெட்டு ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மேடு) எல்லாம் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்வு. புதுச் செயின் போட்டாலும் அதே வளைவு.

ஆக, சந்தேகம் பார்மேல்தான். நேரான ஸ்கேலைப் பல்லின் பக்கவாட்டில் ஒட்டி வைத்தால் ஸ்கேலுக்கும் பாருக்கும் நடுவே வெளிச்சம் தெரியணும். தெரியவில்லை, செயின் காடிக்குள் (பார் விளிம்பில் செயின் ஓடும் பள்ளம்) சாய்ந்து ஆடுகிறது. விளிம்புப் பிசிறைத் தட்டை அரத்தால் எடுத்து, காடியைச் சுரண்டி, எண்ணெய்த் துளையையும் திறந்தாச்சு.

அகன்ற காடியை ரெயில் குளோசரால் (காடியின் இருபக்கச் சுவர்களான ரெயில்களை அழுத்தி நெருக்கும் கருவி) நெருக்கினால் நிலைக்குமா, சீக்கிரம் விரிந்துவிடுமா? டிரைவ் லிங்க் (செயினில் காடிக்குள் இறங்கி ஓடும் கண்ணி) காடியின் அடியைத் தொட்டால் பாரை மாற்றியே ஆகணும், சரி. அதற்கு முன் எவ்வளவு ஆழம் மிச்சமிருந்தால் நெருக்குவது தகும்? பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு வளைவு இடப்பக்கம் மாறினால், தேய்ந்த ரெயில்தான் காரணம் என்று முடிவுக்கு வரலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.