ஏரி வண்டல வெச்சு பனியுகத்துல என்ன நடந்துச்சுன்னு எப்படி சொல்றாங்க?

பாலக்கோட்டான்:
எல்லாருக்கும் வணக்கம். போன சித்திரையில எங்க ஊர் ஏரியில வண்டல் எடுக்க ஜேசிபி விட்டாங்க, தோட்டத்துக்கு நானும் நாலு டிராக்டர் அடிச்சேன். வெட்டின குழி ஓரத்துல மேல கருப்பு களி, கீழ ஒரு கை அகலத்துக்கு மணல், மறுபடி களின்னு பட்டை பட்டையா தெரிஞ்சுது. அந்த மணல் பெருவெள்ளம் வந்த வருஷத்துதுன்னு அப்பா சொன்னாரு. வெளிநாட்டுல ஏரிச்சேத்த வெச்சு பனியுகத்துல திடீர்னு குளிர் அடிச்சப்ப செடி கொடி பூச்சியெல்லாம் என்ன ஆச்சுன்னு சொல்றாங்களாமே, எப்படிங்க? எல்லாம் ஒரே நேரத்துல மாறுச்சா? நம்ம ஏரியில பாக்க முடியுமா?

ஊத்தங்கரை ஜியாலஜி:
தம்பி, உங்கப்பா சொன்னதுதான் இதுக்கு அடிப்படையே. சேறு படியும்போது அந்த வருஷத்து மகரந்தம், இலைத்துணுக்கு, பாசி, செத்த பூச்சின்னு எல்லாம் அதுல மாட்டிக்கும். சில ஆழமான ஏரிங்கள்ல அடியில ஆக்ஸிஜன் போகாது, சேத்தக் கிளற புழுவும் இருக்காது, அதனால வருஷத்துக்கு ஒரு ஜோடி, வெளுத்தது ஒண்ணு கருத்தது ஒண்ணுன்னு மெல்லிசா படிஞ்சு கலையாம நிக்கும். ஜப்பான்ல சுய்கெட்சு ஏரியில பல்லாயிரம் வருஷத்துக்கு அத எண்ணியிருக்காங்க. மகரந்தத்தோட தோலு லேசுல மக்காது, மைக்ராஸ்கோப்ல இது பைன், இது புல்லுன்னு பிரிச்சு எண்ணலாம், 1916லயே லென்னார்ட் வான் போஸ்ட்னு சுவீடன்காரர் அத வரைபடமா போட்டுக் காட்டிட்டாரு.

நீங்க கேட்ட திடீர் குளிருல நல்லா தெரிஞ்சது யங்கர் ட்ரையாஸ், சுமார் 12,900 வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சு 11,700 வாக்குல முடிஞ்சுது. அந்தப் பேரே சேத்துல இருந்து வந்ததுதான். ட்ரையாஸ்ங்கிறது கடுங்குளிர்ல வளர்ற எட்டு இதழ் வெள்ளைப்பூ, அதோட இலை டென்மார்க் களிமண்ல கிடைச்சுது, அதுக்குக் கீழ இருந்த சேத்துல பிர்ச் மரம் இருந்த அடையாளம். மரம் நின்ன இடம் மறுபடி வெட்டவெளியா போயிருக்கு, எனக்கு இன்னும் சிலிர்க்குது.

ஓசூர்க்காரி:
ஒரே நேரத்துல மாறலீங்க, அதுதான் இதுல விசேஷமே. ஜெர்மனியில மீர்ஃபெல்டர் மார்னு எரிமலை வாயில உண்டான ஏரி, அங்க சுமார் 12,680 வருஷத்துக்கு முன்னாடி காத்தோட போக்கு ஒரே வருஷத்துல மாறினது அடுக்குல தெரியுது, ஆனா கிரீன்லாந்து அதுக்கு ஏறக்குறைய 170 வருஷம் முன்னாடியே குளிர ஆரம்பிச்சிடுச்சு. குளிர் முடிஞ்சு சூடானப்பவும் அப்படித்தான். நார்வேயில க்ரோக்கெனஸ் ஏரிக்கு மேல அந்த யங்கர் ட்ரையாஸ் குளிர்ல ஒரு சின்ன பனியாறு உருவாகி கல்லை அரைச்சு சாம்பல் மாவா ஏரியில கொட்டியிருக்கு, சூடானதும் அது நின்னு பழுப்புச் சேறு வருது, தண்ணிக்குள்ள இருக்கிற பாசியும் பூச்சியும் சட்டுனு மாறிடுச்சு, பிர்ச் காடு வந்து நிக்க பல நூறு வருஷம் ஆச்சு. மரத்துக்கு விதை வரணும், மண்ணு பக்குவமாகணும், பூச்சிக்கு பறந்து வந்தா போதும்.

அந்தப் பூச்சி கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. தண்ணியில அதோட புழு தோல உரிக்கும்போது விடுற தலை ஓடு சேத்துல மக்காம கிடக்கும், எந்த இனம்னு பாத்து அந்தக் கோடையில எவ்ளோ சூடுன்னு கணக்குப் போடுறாங்க.

மாந்தோப்பு பாரூர்:
நம்ம ஏரி வேற கதை தம்பி. மனுசன் கரை போட்டது, வயசு சில நூறு வருஷம்தான், கிருஷ்ணகிரி கேஆர்பி அணையே 1950கள்ல கட்டினது. பங்குனி சித்திரையில காஞ்சு வெடிக்கும், வெடிப்புல மேல்மண்ணு கீழ இறங்கும், மாடு மிதிக்கும், காத்து பட்டு மகரந்தம் கெட்டுடும். தோப்புல தை மாசம் பூத்துக் கொட்டுதே, அந்த மாம்பூ மகரந்தமும் ஈ, தேனீ தூக்கிட்டுப் போறதுதான், ஏரிக்கு காத்துல வர்றது கம்மி.

தமிழ்நாட்டுல பாக்கணும்னா நீலகிரி சதுப்புல இருக்கு. அங்க கருப்பு மண்ணுல இருக்கிற கார்பன் வகைய அளந்து 1993ல எழுதினாங்க. மரம், நெல்லு ஒரு வகை, ராகி, சோளம் மாதிரி புல்லு இன்னொரு வகை, ரெண்டுக்கும் கார்பன் வேற. பனியுகம் உச்சத்துல இருந்தப்ப அங்க ராகி வகைப் புல்லு தூக்கலா இருந்திருக்கு, அதாவது மழை கம்மி.

பாலக்கோட்டான்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஐப்பசியில ஏரி நிரம்பினா எங்க வீட்டு வாசல் பல்பை சுத்தி கடிக்காத பூச்சி கூட்டமா மொய்க்கும், காலையில திண்ணையில குவிஞ்சு கிடக்கும், அம்மா கூட்டித் தள்ளுவாங்க. ஓசூர் அக்கா, நீங்க சொன்னது அதே பூச்சிதானா? இந்த வருஷம் கொஞ்சம் எடுத்து காலேஜ்ல மைக்ராஸ்கோப்புக்குக் கொண்டு போறேன்.