உதடு நீலம் பாரித்தால் மார்பைக் கீறலாமா?

கடற்காகம்:
உப்புக்காற்று இங்கே எழுதிவரும் வேற்றுக்கோள் அறிவியல் புனைகதையில், நேற்றுப் பகிர்ந்த ஆறாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு எரிச்சலில் உறக்கமே வரவில்லை. தாமிரம் கலந்த நீலக் குருதி ஓடும் இரண்டு மீட்டர் உயர 'நீலர்' ஒருவர் மயங்கி விழுகிறார். பூமியிலிருந்து சென்ற மருத்துவர் அவருடைய உதடு நீலம் பாரித்திருப்பதைக் கண்டு, ஆக்சிஜன் இல்லையென்று பதறி மார்பைக் கீறிவிடுகிறார். நீலம் பாரிப்பது நமக்குத்தான் கெட்ட செய்தி. ஆக்டோபஸ், கணவாய் போன்றவற்றின் குருதியில் தாமிரத்தைக் கொண்டு ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோசயனின், ஆக்சிஜன் ஏறினால்தான் நீலமாகும். இறங்கிவிட்டால் நிறமற்றுப் போகும். மூச்சுத் திணறியிருந்தால் அந்த உதடு அரிசி களைந்த நீர்போல் வெளுத்திருக்க வேண்டும். நல்ல உடம்பை அல்லவா கீறியிருக்கிறார்கள்!

உப்புக்காற்று:
ஹீமோசயனின் என்ற சொல்லே என் கதையில் கிடையாது. வேற்றுக்கோளில் உருவான புரதம் நம் கடல் ஆக்டோபஸின் புரதத்தைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? நியூகினித் தீவில் பச்சைக் குருதியுள்ள அரணைகள் வாழ்கின்றன. அவற்றிலும் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்தான். பிலிவெர்டின் என்னும் பித்த நிறமி அளவுகடந்து சேர்ந்திருப்பதால் சிவப்பு மறைந்து பச்சை தெரிகிறது. குருதியின் நிறத்தைப் பார்த்தே தீர்ப்பு எழுதுகிறவர்கள் அந்த அரணையைப் பார்த்துவிட்டு வரட்டும்.

கடற்காகம்:
அரணை எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. எப்போதும் மாறாத நிறமி ஒன்று குருதியை மூடியிருந்தால், நலமாக இருக்கும்போதும் உதடு அதே நிறம், சாகக் கிடக்கும்போதும் அதே நிறம். அப்படியானால் உங்கள் மருத்துவர் உதட்டைப் பார்த்து எதைக் கண்டுபிடித்தார்? என் மாமா வீட்டில் கணவாய் அறுக்கும்போது மைப்பை கிழியாமல் எடுக்க முடிந்த நாள்களில் கவனித்திருக்கிறேன்: தட்டில் வடியும் நீர் முதலில் தெளிவாக இருக்கும், காற்றுப்பட்டுச் சற்று நேரம் கழிந்தபின் மெல்லிய நீலம் ஏறும். ஏறும் நீலம் ஆக்சிஜனின் நீலம்.

பழையவாசகன்:
இருவருமே ஆக்டோபஸைப் பற்றிப் பேசுகிறீர்கள், பேய்க்கணவாய் என்று நம் கடற்கரையில் வழங்கும் பெயரை ஒருவரும் எழுதவில்லை. 'தாமிரம்' எதற்கு, 'செம்பு' இருக்கும்போது?

உப்புக்காற்று:
பழையவாசகன் ஐயா, செம்பு என்று எழுதினால் நீலர் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவதாக யாராவது நினைத்துவிடுவார்கள்.

இரவுப்பணி:
நான் மருத்துவமனையில் பணிபுரிகிறவள். உதட்டை விடுங்கள், அந்த மருத்துவர் விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 82 என்று காட்டுவது எப்படி? அந்தக் கருவி 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளியையும் 940 நானோமீட்டர் அளவிலான அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, ஆக்சிஜன் உள்ள ஹீமோகுளோபினும் இல்லாத ஹீமோகுளோபினும் அவற்றை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்ற வேறுபாட்டிலிருந்து கணக்கிடுகிறது. ஹீமோகுளோபினே இல்லாத விரலில் அது காட்டும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அதைவிடக் கொடுமை, 0.9 விழுக்காட்டு உப்புநீரை ஏற்றியது. ஆக்டோபஸின் குருதி கடல்நீரளவுக்கு உப்பானது. அப்படிப்பட்ட உடம்பில் நம் சலைனை ஏற்றினால் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும். மார்பைக் கீறாமல் இருந்தாலும் அவர் பிழைத்திருக்க மாட்டார்.

கடற்காகம்:
சலைனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அம்மையே. உதடு நீலமாக இருந்தது. அதுதான் வழக்கு.

உப்புக்காற்று:
கருவியை மூன்றாம் அத்தியாயத்தில் நீலர் குருதிக்கேற்ப மாற்றியமைத்ததாக எழுதியிருக்கிறேன். படிக்காமலே விமர்சிப்பது இங்கே சிலருக்குக் கலை. இரட்டை நிலாக் கோளில் ஓதம் எப்படி ஏறும் என்று சென்ற ஆண்டு என்னிடம் நாற்பது பதிவுகள் சண்டையிட்டவர் யார் என்பதும் அனைவருக்கும் தெரியும்.

மூன்றாம்பிறை:
எனக்கு உறுத்துவது வேறு. மனிதனின் 100 மில்லிலிட்டர் குருதி ஏறத்தாழ 20 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கிறது. ஆக்டோபஸின் குருதி அதில் கால் பங்கைத் தாண்டுவதே அரிது. ஹீமோசயனின் நம்முடையதைப்போல் அணுக்களுக்குள் அடைபடாமல் குருதிநீரிலேயே கரைந்திருப்பதால், அளவைக் கூட்டினால் குருதி கூழாகிவிடும். இந்த முதலீட்டை வைத்துக்கொண்டு நீலர் இரவெல்லாம் ஓடுகிறாரா?

உப்புக்காற்று:
அண்டார்க்டிகாவின் பனிமீன்களுக்கு ஹீமோகுளோபினே கிடையாது, ஆயினும் பெரிய இதயமும் மிகுதியான குருதியும் கொண்டு அவை வாழவில்லையா?

மூன்றாம்பிறை:
உறையும் குளிர்நீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும், மீனும் சோம்பிக் கிடக்கும். உங்கள் கோளிலோ, இரண்டாம் அத்தியாயத்தின்படி, நண்பகல் சித்திரை வெயிலாகக் கொளுத்துகிறது.

கடற்காகம்:
ஓடட்டும், கிடக்கட்டும், கோள் எரியட்டும். விழுந்தபோது உதடு நீலம் என்று நீங்களேதான் எழுதினீர்கள். அது நோயா, நலமா? ஒரே சொல்லில் விடை கேட்கிறேன்.

உப்புக்காற்று:
ஏழாம் அத்தியாயத்தில் அவர் கண்விழிக்கிறார். சிகிச்சை பலித்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

கடற்காகம்:
நோயே இல்லாதவர் கண்விழிக்காமல் வேறென்ன செய்வார்?

பழையவாசகன்:
'சிகிச்சை' வேண்டாம், 'மருத்துவம்' என்று எழுதலாமே.