வேட்டைக்குக் காடு குத்தகை விட்டவர்களே, மனதை விட்டுப் போகாத சம்பவம் ஒன்று சொல்லுங்கள்

செம்மண்_ஜார்ஜியா

நடு ஜார்ஜியாவில் பைன் காடு, 110 ஏக்கர். நெருக்கம் குறைக்க இடையிடையே மரம் வெட்டுகிற முதல் தின்னிங்குக்கு இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை சொத்து வரிக்காவது ஆகட்டும் என்று ஒரு மான் வேட்டை கிளப்புக்கு விட்டிருக்கிறேன். குத்தகை எப்படி, எவ்வளவு என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது நவம்பரில் கேட் அருகே நடந்தது.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். காட்டைப் பார்க்க வேண்டும் என்றார். ஆரஞ்சு வெஸ்ட் மாட்டிவிட்டு அழைத்துப் போனேன். கேட்டைத் திறக்கும்போது கிளப் தலைவரின் பிக்கப் உள்ளிருந்து வந்து நின்றது. பின்னால் ஒரு பெட்டை மான். கூடவே அவருடைய பேரன், பதிமூன்று பதினாலு வயது இருக்கும். இரண்டு கன்னத்திலும் நெற்றியிலும் ரத்தம். முதல் மான் சுட்ட பிள்ளைக்கு அந்த மானின் ரத்தத்தைப் பூசுவது தெற்கே பழைய வழக்கம். அன்று முழுக்கக் கழுவாமல் திரிவார்கள். எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

"ஐயோ, புள்ளைக்கு அடிபட்டிருக்குடா" என்று பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து அவன் முகத்தைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கன்னம் சுத்தமாகிவிட்டது. பையன் அசையவில்லை, முகத்தைக் காட்டியபடி நின்றான். தாத்தா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். தாத்தா மட்டும், "பரவாயில்லை, அவர் முடிக்கட்டும்" என்றார்.

அதை மனசாரச் சொன்னாரா, நிலத்துக்காரனின் அம்மா என்பதால் சொன்னாரா? இன்று வரை இதுதான் என்னை அரிக்கிறது. அந்த ஊரில் ஐந்து தலைமுறையாக இருக்கிற மனிதர் அவர். அவருடைய அப்பா வேட்டையாடிய காடு இது. இப்போது வருஷாவருஷம் அவர் என்னிடம் கையெழுத்துக்கு வந்து நிற்க வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் இருக்கிற ஒருவர் மனதில் பட்டதைச் சொல்வாரா? அடுத்த ஆண்டுக்கும் ஒப்பந்தம் போட்டோம். அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்ததா?

கிழக்கு_டெக்சாஸ்

அண்ணா, உங்கள் ஆள் தங்கம். என் கதையைக் கேளுங்கள்.

62 ஏக்கர், ஓக்கும் பைனும் கலந்த காடு. ஒருவருக்குத்தான் குத்தகை. மாநிலத்தில் நிலத்துக்காரன் எடுக்க வேண்டிய குத்தகை லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை மனைவி, மகளோடு ஓடைப்பக்கம் போகிறேன், மேலிருந்து ஒரு குரல்: "யார் நீங்கள்? இது தனியார் நிலம்!" என் நிலத்தில் என்னைப் பார்த்து! ஏணிப் பரணிலிருந்து ஒரு இளைஞன் இறங்கி வந்தான். துப்பாக்கி தோளில்தான் தொங்கியது, அதைச் சொல்லியாக வேண்டும். நான்தான் சொந்தக்காரன் என்றதும் முகம் வெளுத்துப் போனது. போனை எடுத்து ரசீதைக் காட்டினான். என் குத்தகைக்காரர் வார இறுதி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஊர் பேர் தெரியாதவர்களுக்கு உள்குத்தகை விட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு சீசனுக்கு வாங்கிய தொகையை அவர் நாலைந்து வாரத்தில் எடுத்திருப்பார்.

பணம் போகட்டும். அந்தப் பையன் இறங்கும்போது என் மகள் என் பின்னால் ஒளிந்துகொண்டு சட்டையைப் பிடித்த பிடி இருக்கிறதே, அதுதான் இன்னும் போகவில்லை. மரங்களில் ஊதாக் கோடு எல்லாம் சட்டப்படி அடித்திருந்தேன். டெக்சாஸில் காட்டு நிலம் என்றால் 100 அடிக்கு ஒன்று, 8 அங்குல நீளம், தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்தில். வெளியாட்களுக்கு அது எச்சரிக்கை. நாமே சாவி கொடுத்தவர் ஆளைக் கூட்டி வந்தால் கோடு என்ன செய்யும்?

நியூஜெர்சி_வாசகன்

எனக்கு நிலம் கிடையாது. ஆனால் முதல் பதிவைப் படித்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. வரி கட்ட வேண்டும் என்பதற்காக ஒரு உயிரைச் சுட இடம் கொடுப்பது எப்படி மனம் ஒப்புகிறது? ஒரு மானுக்கு இவ்வளவு என்று விற்பதுதானே இது? அம்மா துடைத்தது சரிதான். அவருக்குத் தோன்றியது நமக்கும் தோன்றியிருக்க வேண்டும். வாடகைக்கு வேறு வழியே இல்லையா? கூடாரம் போட விடலாம், தேனீப் பெட்டி வைக்க விடலாம், பறவை பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கலாம்.

விஸ்கான்சின்_அக்கா

தம்பி, மானை யாரும் விற்கவில்லை. அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலத்துக்காரனுக்குச் சொந்தமே கிடையாது, மக்கள் சார்பாக மாநிலம் பொறுப்பு. நாங்கள் கொடுப்பது உள்ளே நுழையும் உரிமை மட்டும். எத்தனை, ஆணா பெண்ணா, எந்தத் தேதி எல்லாம் மாநிலம் சொல்லும். அப்புறம், மான் பெருகினால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கம் வந்து பார். ஓக் கன்று ஒன்றும் முழங்கால் உயரம் தாண்டாது, நுனியை மேய்ந்துவிடும். இரவில் மானில் மோதாமல் ஓட்டுவதே பெரிய காரியம். ஓநாயைப் பெரும்பாலும் அழித்த மண்ணில் மானின் எண்ணிக்கையை யாராவது பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கும் கறி ஆகாது. ஆனாலும் இதில் எனக்குக் குழப்பம் கிடையாது.

என் கதை. எங்கள் நிலம் மாநிலத்தின் நிர்வகிக்கப்பட்ட காடு வரித் திட்டத்தில் இருக்கிறது. 2016இல் சட்டம் மாறிய பிறகுதான் அதில் பொதுமக்கள் நுழைய முடியாதபடி மூடிய நிலத்தை வேட்டைக்குக் குத்தகை விட முடிந்தது. வீட்டுக்காரர் போன பிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவருக்கு விட்டிருந்தேன். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை, ஒன்பது நாள் துப்பாக்கி சீசனின் முதல் நாள். காலையில் விறகு எடுக்க வெளியே வந்தால் காட்டுக்குள்ளிருந்து விசில் சத்தம். நின்று நின்று, ஒரே மாதிரி. பறவை இல்லை என்று தெரிந்ததும் ஓடினேன்.

பரணிலிருந்து விழுந்து கிடந்தார். பாதுகாப்பு பெல்ட் போடவில்லை. விலா எலும்பு உடைந்து மூச்சு இழுத்துக் கத்த முடியாமல், சட்டையில் மாட்டியிருந்த விசிலை ஊதிக்கொண்டிருந்தார். 911க்கு அடித்தால் முகவரி கேட்கிறார்கள். காட்டுக்கு என்ன முகவரி? என் வீட்டு எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வரும். அவர் கிடந்தது பின்பக்கச் சாலையிலிருந்துதான் கிட்டம். அங்கே எண் பலகையே கிடையாது. பக்கத்து வீட்டுப் பையனைச் சாலையில் நிற்க வைத்துத்தான் வண்டியை உள்ளே திருப்பினோம்.

ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது என் கையைப் பிடித்து அவர் கேட்டது இதுதான்: "அடுத்த வருஷம் எனக்குக் கொடுப்பாய்தானே?" உயிர் பிழைத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஜார்ஜியாத் தம்பி, நீ கேட்ட கேள்வி எனக்கு நன்றாகப் புரிகிறது. கொடுத்தேன். தரையில் வைக்கும் கூண்டில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு. பின் கேட்டுக்கும் எண் பலகை வாங்கி நட்டுவிட்டேன்.

வடகரோலினா_காடு

என் சம்பவம் சின்னது. குத்தகைக்காரர் தீவனத் தொட்டியில் சோளம் நிரப்பிவிட்டு கேட்டைப் பூட்டாமல் போய்விட்டார், பக்கத்துப் பண்ணை மாடுகள் உள்ளே வந்து இளம் கன்றுகளை மிதித்துவிட்டன. மாட்டுக்காரர் என் மேல்தான் பாய்ந்தார்.

ஆனால் மேலே படித்ததில் எல்லோரும் அடிப்படையையே கோட்டை விட்டிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. டெக்சாஸ் நண்பரே, ஒப்பந்தத்தில் உள்குத்தகை கூடாது என்ற வரி இருந்ததா? இருந்தால் அன்றே ரத்து செய்திருக்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். உள்ளே வரக்கூடிய ஒவ்வொருவரின் பெயரும், வண்டி எண்ணும் அதில் இருக்க வேண்டும். விருந்தாளி என்றால் எத்தனை பேர், குத்தகைக்காரர் கூடவே இருக்க வேண்டுமா என்பதும். எங்கள் மாநிலத்தில் 2011 சட்டப்படி, அறிவிப்புப் பலகையோ ஊதாக் கோடோ இருக்கிற நிலத்தில் வேட்டையாட வருபவர் கையில், நிலத்துக்காரர் கையெழுத்திட்ட, 12 மாதத்துக்குள் தேதியிட்ட அனுமதிச் சீட்டு இருக்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் கட்டாயமோ இல்லையோ, நீங்கள் கொடுத்துப் பழகுங்கள்.

அடுத்தது இன்சூரன்ஸ். வேட்டைக்கு வந்தவருக்கு அடிபட்டால் வீட்டுப் பாலிசி தாங்கும் என்று நினைக்காதீர்கள். இலவசமாக விட்டால் பல மாநிலங்களில் சட்டம் நிலத்துக்காரனைக் காப்பாற்றும். காசு வாங்கிய அடுத்த நிமிடம் அந்தப் பாதுகாப்பு குறையலாம், போயே போகலாம். கிளப் பாலிசி எடுக்கட்டும், அதில் உங்கள் பெயரும் சேர்ந்திருக்கட்டும். விஸ்கான்சின் அக்கா, அந்தப் பெரியவரின் குடும்பம் நல்ல குடும்பம். வேறு யாராவது இருந்தால் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும்.

வரும் பணத்தை வரிக் கணக்கில் வாடகை வருமானமாகக் காட்டுங்கள். சாலை பராமரிப்பு, கேட், இன்சூரன்ஸ் செலவைக் கழிக்கலாமா என்று கணக்காளரைக் கேளுங்கள். மழைக்காலத்தில் காட்டுப் பாதையில் ஓட்டுகிற ஏடிவி வண்டி கூடாது என்று எழுதுங்கள், பாதையெல்லாம் சேறாகிவிடும். குடல் குப்பையை எங்கே போட வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள், ஓடைக்கு எட்டத்தில். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. மரம் வெட்ட ஆள் வரும் காலம் சீசனில் விழுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதுங்கள். இல்லையென்றால் நவம்பரில் ரம்பச் சத்தம் கேட்டதும் பாதிப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

கென்டக்கி_ஓக்

வடகரோலினா சார் ஆணியை ஒரே வரியில் தாண்டிவிட்டார். அங்கேதான் என் பணம் போனது.

எங்கள் மலைச் சரிவில் வெள்ளை ஓக். போர்பன் விஸ்கி பீப்பாய்க்குப் போகிற மரம். அதற்கு நல்ல கட்டை கிடைத்தால் சாதாரண அறுப்பு மரத்தைவிட நல்ல விலை. வெட்டி அடுக்கிய இடத்தில் மில்லிலிருந்து வந்தவர் ஒவ்வொரு கட்டையின் முகப்பையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றின் முன்னால் நின்று கட்டைவிரலால் தேய்த்தார். வெட்டுமுகத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு தீற்றல், மை கொட்டியதுபோல. ஓக்கின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்தால் அந்த நிறம் வரும். உள்ளே ஆணி. முன்னொரு காலத்தில் பரணுக்குப் படியாக அடித்தது, மரம் அதை விழுங்கி மேலே வளர்ந்துவிட்டது. ரம்பம் அதில் பட்டால் பல் தெறிக்கும், பக்கத்தில் நிற்கிற ஆளுக்கும் ஆபத்து. அடிக்கட்டைதான் ஒரு மரத்தில் அதிக விலை போகும் பகுதி. ஏணிப் படி அடிப்பதும் அங்கேதான். மனிதர் ஒன்றும் பேசவில்லை. பெயின்ட் டப்பாவை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு அடித்துவிட்டு நகர்ந்தார். அப்படி நாலு கட்டை.

பல வருஷக் குத்தகைப் பணத்தை அந்த நாலு கோடு தின்றுவிட்டது. அடித்தது யார் என்று யாரைப் போய்க் கேட்பது? நிலம் என் கைக்கு வருவதற்கு முந்தைய வேலை அது. இப்போது நாடாவால் கட்டி நிறுத்துகிற பரணுக்கு மட்டும்தான் அனுமதி. அதையும் சீசன் முடிந்ததும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாடா மரத்துக்குள் இறங்கிவிடும்.

நத்தம்_மாந்தோப்பு

இங்கே தமிழ்நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். நடக்காது. 1972 வனஉயிரினச் சட்டம் பட்டா நிலத்துக்கும் சேர்த்துத்தான்.

ஆனால் ஆள் வருவான். காய்ப்பு நேரத்தில் காட்டுப்பன்றித் தொல்லை தாங்காமல் கிடந்தபோது ஒருவன் தோப்புக்கு வந்தான். "ராத்திரி மட்டும் உள்ளே விடுங்க, சீசனுக்கு அஞ்சாயிரம் தர்றேன், பன்னியும் போகும்" என்றான். துணி மூட்டையை அவிழ்த்துக் காட்டினான். அவுட்டுக்காய். எலுமிச்சை அளவு வெடிமருந்து உருண்டைகள். கடித்தால் வாய் சிதறும். பன்றிதான் கடிக்கும் என்று யார் உறுதி சொல்வது? பசு கடிக்கும், நாய் கடிக்கும், மலையடிவாரம் என்றால் யானையே கடித்துச் செத்திருக்கிறது. வெளியே போ என்றேன். போகும்போது, "பக்கத்துத் தோப்புல ஒத்துக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்து எங்கள் மாட்டை அந்த வேலிப் பக்கம் விடுவதே இல்லை.

2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடலாம் என்று அரசு முடிவு செய்தது. எங்கள் தோப்பு அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறது.

செம்மண்_ஜார்ஜியா

நத்தம் அண்ணே, பக்கத்துத் தோப்புக்காரரிடம் நேரில் பேசிப் பார்த்தீர்களா? நியூஜெர்சி நண்பருக்கு: அம்மா அன்று மாலை என்னிடம் கேட்டது மானைப் பற்றி இல்லை. "அந்தப் பெரியவருக்கு வருத்தமா இருக்குமோ, நாளைக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்துட்டு வரட்டுமா?" என்றார். கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். அதுவும் மரியாதைக்கா என்று தெரியவில்லை.

கிழக்கு_டெக்சாஸ்

வடகரோலினா சார், உள்குத்தகை கூடாது என்ற வரி இருந்தது. அவருடைய கையெழுத்தும் அதன் கீழேயே இருந்தது. அன்றே நிறுத்தினேன், பூட்டை மாற்றினேன். இன்சூரன்ஸ் பற்றி நீங்கள் சொன்னது எல்லா மாநிலத்துக்கும் அப்படியே பொருந்தாது. இங்கே வாங்கும் கட்டணம் முந்தைய ஆண்டுச் சொத்து வரியின் 20 மடங்கைத் தாண்டாவிட்டாலும், இல்லை சட்டம் சொல்லும் அளவுக்கு இன்சூரன்ஸ் இருந்தாலும், அந்தப் பாதுகாப்பு நிலத்துக்காரனுக்குத் தொடர்ந்து கிடைக்கும். காட்டு நில வரி குறைவு என்பதால் 20 மடங்கு என்பது சிலருக்கு இடிக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த வருஷம் யாருக்கும் விடவில்லை. அந்தப் பரணில் இருந்த பையன் போன வாரம் கூப்பிட்டான். அன்று குழந்தையைப் பயமுறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நேரடியாக எனக்கே குத்தகை தருவீர்களா என்றான். மனைவி கொடு என்கிறாள். மகளையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.