பொருள்: தோலடிக் கழலையா, தோலடிக் கட்டியா?

அன்புடையீர்,
நோயாளிகளுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. முழங்காலுக்குக் கீழே தோலுக்கடியில் வலியின்றித் தோன்றும் உருண்டைகளுக்கு ஒரு பொதுச்சொல் வேண்டும். கொழுப்புக்கட்டி, நீர்க்கட்டி, உறை கிழிந்து பிதுங்கும் தசை எல்லாம் அதில் அடங்க வேண்டும். 'வலியிலாத் தோலடிக் கழலை' சரிதானா?

*

அம்மா, கழலை நல்ல தேர்வு. கழலுதல் என்றால் நழுவுதல், நெகிழ்தல். கழலையும் அதில் பிறந்ததே என்பது என் துணிபு. கொழுப்புக்கட்டியின் விளிம்பை விரலால் அழுத்தினால் நழுவும். மருத்துவர்கள் பார்க்கும் குறியும் அதுதானே. வீரர் காலில் கட்டுவதும் கழல்; 777ஆம் குறளில் 'கழல்யாப்பு' வருகிறது. 'முழங்காலுக்குக் கீழே' என்று நீட்டாமல் 'கணைக்கால்' என்று எழுதுங்கள். சேரன் ஒருவனுக்கே கணைக்கால் இரும்பொறை என்று பெயர்.

*

ஐயா, கணைக்கால் என்றால் இன்று பலரும் பாதம் சேரும் மூட்டைத்தான் தொட்டுக் காட்டுவார்கள். நீளமாக இருந்தாலும் புரிவதையே எழுதுவோம்.

புறநோயாளிப் பிரிவில் 'கட்டி' என்றுதான் காதில் விழுகிறது, 'கழலை' அல்ல. நழுவும் குறியும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. தோல் நார்க்கட்டி நழுவாது. இருபுறமும் கிள்ளினால் நடுவில் குழி விழும். தசைப் பிதுக்கம் நிற்கும்போது புடைத்து, படுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

எனக்குப் பெரிய கவலை 'வலியிலா' பற்றித்தான். வலி இல்லை, அதனால் ஆபத்தில்லை என்று படிப்பவர் எண்ணிவிடுவார். மென்திசுப் புற்றும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கட்டி 5 செ.மீ.க்கு மேல் இருந்தாலும், வளர்ந்துகொண்டே போனாலும், ஆழத்தில் கெட்டியாக அசையாமல் இருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தலைப்பே அந்த எச்சரிக்கையைக் கெடுத்துவிடக் கூடாது. 'தோலடிக் கட்டி' போதும்.

*

'வலியிலா' போகட்டும், ஒப்புகிறேன். ஆனால் கட்டி என்றதும் சீழ் வைத்து உடைவதுதான் மனத்தில் வரும். தசை பிதுங்குவது கட்டியே அல்ல. 'புடைப்பு' என்றால் எல்லாம் அடங்கும். 'தோலடி'யில் அடி பாதமாகவும் மயக்கும். 'தோற்கீழ்ப் புடைப்பு' என்க.

*

'தோற்கீழ்' என்றால் தோற்றவர் நினைவுதான் வரும் ஐயா! புணர்ச்சி விதி சரி, வாசகருக்குப் புரிய வேண்டாமா?

*

அனைவருக்கும் நன்றி. பெரும்பாலோர் 'தோலடிக் கட்டி' என்கிறீர்கள், அதையே அனுப்புகிறேன். வலியின்மையால் மட்டும் நிம்மதி கொள்ளக் கூடாது என்பது முதல் பத்தியில் வரும். தசைப் பிதுக்கத்தை மட்டும் 'புடைப்பு' என்று குறிக்கிறேன்.

*

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முன்கழுத்துக் கழலை என்று பள்ளியில் படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கழுத்தில் புரிந்த சொல் காலில் புரியாதா?