எனாமல் கெட்டில்: உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பில் வையுங்கள்

அடுப்பில் வைக்கும் எனாமல் கெட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

நான் வாங்கியது வெளியே இளநீலம், உள்ளே வெள்ளை. ஒருமுறைகூடக் கீழே விழவில்லை, தண்ணீர் வற்றும்வரை அடுப்பில் கிடந்ததும் இல்லை. ஆனாலும் சில வாரங்களில் கோப்பையின் அடியில் ஒரு சில்லு தென்பட்டது. நகத்துணுக்கு அளவு, பிறை வடிவம், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கருநீலம். ஓரத்தைத் தொட்டால் விரலில் சுருக்கென்றது. டார்ச் அடித்துக் கெட்டிலுக்குள் பார்த்தேன். மூக்கு உடம்போடு சேரும் இடத்தில், வடிகட்டித் துளைகளுக்குப் பக்கத்தில், அதே வடிவத்தில் இரண்டு மூன்று பள்ளங்கள். ஒன்றின் நடுவில் இரும்பு பழுப்பாகத் தெரிந்தது.

கடையில் "வெறும் கெட்டிலைச் சூடாக்கியிருப்பீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எனாமல் என்பது கண்ணாடிதான். கண்ணாடித் தூளை எஃகுத் தகட்டில் பூசி, ஏறக்குறைய 800 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கி ஒட்ட வைக்கிறார்கள். அந்தச் சூளையில் எஃகு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். ஆறிய பிறகு அது வெளியேறப் பார்க்கும். மேலே பூச்சு இறுக மூடியிருப்பதால் அடியில் அழுத்தம் சேர்ந்து, மீன் செதில் போலப் பூச்சைத் தெறிக்க வைத்துவிடும். சூளையை விட்டு வந்த சில மணி நேரத்திலும் இது நடக்கலாம், வாரங்கள் கழித்தும் நடக்கலாம். அலமாரியில் சும்மா இருக்கிற கெட்டிலிலும் நடக்கும். தகட்டின் தரமும் தயாரிப்பு முறையும்தான் காரணம். பயன்படுத்துகிறவருக்கு இதில் பங்கே கிடையாது.

வற்றவிட்ட கெட்டிலின் அடையாளம் வேறு. அடிப்பாகத்தில் மெல்லிய விரிசல்கள் பரவியிருக்கும், பளபளப்பு மங்கி நிறம் மாறியிருக்கும். அடி பளிச்சென்று இருந்து, சில்லு மட்டும் பிறை வடிவில் பெயர்ந்திருந்தால் கடையில் துணிந்து பேசுங்கள். படம் எடுத்து, சில்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, எழுத்தில் புகார் கொடுங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

உட்புறம் பெயர்ந்த கெட்டிலில் இனி தண்ணீர் காய்ச்சக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொஞ்சம் துரு வயிற்றுக்குள் போவதால் பெரிய கேடு வராது. ஆனால் துரு பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போய், சுற்றியுள்ள எனாமலையும் தூக்கிவிடும். அடுத்த சில்லு எப்போது விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் யோசிக்கவே வேண்டாம்.

*

உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் வீட்டுக் கெட்டிலில் பூச்சு நன்றாகத்தான் இருந்தது. கைப்பிடியும் மூடியும்தான் பிரச்சினை.

இரண்டு பக்கமும் சாயும் வளைவுக் கைப்பிடி அது. சாய்ந்து கிடந்தால் தீ நேராக அதன் மேல் படும். நடுவில் மரப்பிடி இருந்தாலும் முனைக் கம்பிகளைத் தொட முடியாது. அதைவிட மோசம் மூடி. அம்மா ஊற்றிக்கொண்டிருக்கும்போது மூடி நழுவி, ஆவி மொத்தமும் மணிக்கட்டில் அடித்தது. ஆவி பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். ஒரு கிராம் ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போதே ஏறக்குறைய 2,260 ஜூல் வெப்பத்தை அங்கே இறக்கிவிடுகிறது. அதே ஒரு கிராம் கொதிநீர் உடம்புச் சூட்டுக்கு ஆறும்போது விடுவது சுமார் 260 ஜூல்தான்.

உடனே வளையலைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து 20 நிமிடம் கையைத் தண்ணீரிலேயே பிடித்திருந்தோம். ஐஸ், பற்பசை எதையும் கிட்டே கொண்டுவரவில்லை. கொப்புளம் வந்ததால் டாக்டரிடமும் காட்டினோம். இப்போது தழும்புகூட இல்லை.

வாங்கும்போது கடையிலேயே மூடியைப் போட்டு, ஊற்றுகிற மாதிரி நன்றாகச் சாய்த்துப் பாருங்கள். மூடி அசைந்தால் அந்தக் கெட்டில் வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. கைப்பிடி சேரும் காதுகளையும் ஆட்டிப் பாருங்கள். அப்புறம், தண்ணீர் மூக்குத் துளைகளுக்கு மேல் போகக் கூடாது. போனால் கொதிக்கும்போது மூக்கு வழியாகத் துப்பும்.

*

விசிலை நம்பி அடுத்த அறைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மூடி சரியாக உட்காராவிட்டால் ஆவி அந்த இடுக்கு வழியே போய்விடும், விசில் ஊதவே ஊதாது. நண்பர் வீட்டில் அப்படித்தான் தண்ணீர் முழுக்க வற்றிவிட்டது. அவர்களுடையது கண்ணாடி மேல்தளம் கொண்ட மின் அடுப்பு. கெட்டிலின் அடி எனாமல் இளகி அந்தக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. கெட்டிலைத் தூக்கியபோது அடுப்பின் கண்ணாடியும் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது.

வற்றின கெட்டிலில் அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். பூச்சு தெறிக்கும், ஆவி முகத்துக்கு வரும். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே ஆறவிடுங்கள். இண்டக்‌ஷனில் வைப்பவர்கள் எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் வைக்க வேண்டாம். மிதமான சூட்டில் தொடங்கினால் பூச்சுக்கு நல்லது.

*

முதலில் எழுதியவர் சொன்ன சில்லு விஷயத்தில் நானும் ஒன்று சேர்க்கிறேன். கோப்பையில் கிடக்கும் வெள்ளைத் துகள் எல்லாம் எனாமல் இல்லை. உப்புத்தண்ணீர் வரும் வீடுகளில் அது பெரும்பாலும் சுண்ணாம்புப் படிவுதான். துகளை ஒரு ஸ்பூன் வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரைத்துக் கரைந்தால் படிவு. அப்படியே கிடந்து, ஸ்பூனில் தட்டினால் கிணுக்கென்றால் எனாமல். படிவை எடுக்க வினிகரோ சிட்ரிக் அமிலமோ தண்ணீரில் கலந்து ஊறவைத்தாலே போதும். இரும்பு நாரால் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

பழைய கெட்டில்களில் எனக்குக் கவலை உட்புற நிறம்தான். பளீர் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களுக்குக் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்த நிறமிகள் பயன்பட்டிருக்கின்றன. பழைய பூச்சுகளில் ஈயமும் இருக்கக்கூடும். உணவோடு படும் எனாமலிலிருந்து உலோகம் எவ்வளவு கசிகிறது என்று சோதிக்க ஐஎஸ்ஓ 4531 என்ற தரநிலை இருக்கிறது. புதிதாக வாங்கும்போது, கெட்டில் அந்தச் சோதனைக்கு உட்பட்டதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பாட்டி காலத்துக் கெட்டிலை ஆசையாக வைத்திருந்தால் அலமாரியிலேயே இருக்கட்டும்.

*

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். வினிகர் சோதனைக்கு மிகவும் நன்றி, எனக்கு அது தோன்றவில்லை.

பெயர்ந்த இடத்தில் டச்-அப் பெயிண்ட் பூசி ஓட்டலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். கெட்டிலுக்குள் கூடவே கூடாது. ஃப்ரிட்ஜ், வாஷிங்மெஷின் கீறலை மறைக்க விற்கிற பெயிண்ட் அது. கொதிநீரில் ஊறுவதற்கோ குடிக்கிற தண்ணீரில் படுவதற்கோ செய்ததில்லை. எனாமலை மறுபடி ஏற்ற வேண்டுமானால் பழைய பூச்சை முழுக்க எடுத்துவிட்டுச் சூளையில்தான் வைக்க வேண்டும். வெளிப்புறத்தில், தீ படாத உயரத்தில் சின்னதாகப் பெயர்ந்திருந்தால் அதற்குப் பெயிண்டே வேண்டாம். ஈரம் போகத் துடைத்து வைத்துக்கொண்டு வந்தால் போதும்.