கிளாஸ்டன்பரிக்கு 65 லிட்டர் பை: ஜம்ப்சூட், வெல்லி, ஜிகினா... எதை வைப்பது, எதைத் தள்ளுவது?

புதுவரவு:
கிளாஸ்டன்பரி, இங்கிலாந்தின் சோமர்செட்டில் ஒரு பண்ணையில் நடக்கும் இசைத் திருவிழா. 2026இல் பண்ணைக்கு ஓய்வு ஆண்டு, விழா கிடையாது. 2027க்குத்தான் என்பதால் நிதானமாகவே கேட்கிறேன். மூன்று பெண்கள், ஒரு டென்ட், புதன் காலை முதல் திங்கள் காலை வரை. ஆளுக்கு 65 லிட்டர் முதுகுப்பை ஒன்று. கடைகள் போடும் 'ஃபெஸ்டிவல்' பட்டியல் இது: ஜம்ப்சூட் 2, டெனிம் ஷார்ட்ஸ் 2, முழங்கால் வரை வரும் வெல்லி (ரப்பர்) பூட்ஸ், ஜிகினா, வெட் வைப்ஸ் 4 பாக்கெட், டிரை ஷாம்பூ 2. எதை வைக்கலாம், எதைத் தள்ளலாம்?

மழைமானி:
முதலில் ஜம்ப்சூட்டைத் தள்ளுங்கள். அங்கே நீங்கள் அதிகம் பார்க்கப்போவது 'லாங் டிராப்' கழிப்பறை. வரிசையாக இரும்புத் தடுப்புகள், தலைக்கு மேல் கூரை இல்லை, ஓட்டைக்குக் கீழே பெரிய தொட்டி. மழையில் உள்ளே போகிறவர் மழைக்கோட்டைக் கழற்ற வேண்டும், பிறகு தோளிலிருந்து முழங்கால் வரை ஜம்ப்சூட்டை இறக்க வேண்டும். கொக்கி இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கைப்பகுதி தரையில் படும். அந்தத் தரையில் கிடக்கும் ஈரம் முழுவதும் மழைத்தண்ணீர் அல்ல.

டெனிமும் வேண்டாம். தடித்த பருத்தி நனைந்தால் கனக்கும், ஜூன் மாதச் சோமர்செட்டில் டென்ட்டுக்குள் காயாது. ஈரத் தையல் தொடையில் உரசி மறுநாளே தோல் உரியும். கார் நிறுத்தத்திலிருந்து டென்ட் போடும் இடத்துக்கு ஒரு மணி நேரம் நடக்க நேரலாம். பை 13 கிலோவைத் தாண்டினால் ஏதோ ஒன்று தேவையில்லாமல் உள்ளே இருக்கிறது என்று பொருள். டிராலி கொண்டுவருவதாக இருந்தால் சக்கரம் பெரிதாக இருக்கட்டும்; சூட்கேஸ் சக்கரம் புல்லில் பத்தடிகூட உருளாது.

ஜிகினா:
மழைமானி சொல்றதைக் கேட்டா எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு ஆள் எடுக்கிற மாதிரி இருக்கு! உடுத்திக்கிறதும் பார்க்கிறதும் அந்தத் திருவிழாவில பாதி. அந்தச் சந்தோஷத்துக்கு எடையும் அதிகம் ஆகாது. மெல்லிசான சீக்குவின் (பளபளக்கிற சின்னத் தகடு தைச்ச) ஜாக்கெட் அரைக் கிலோ வராது. அதை வேண்டாம்னு சொல்றவங்கதான் 3 கிலோ மடக்கு நாற்காலியைத் தூக்கிட்டு வருவாங்க.

ஜம்ப்சூட்டுக்கும் வழி இருக்கு. முதுகுல ஜிப் வச்சதை வாங்காதீங்க. முன்பக்கம் பட்டன், தொளதொள விஸ்கோஸ், இடுப்புல பெல்ட் இல்லாதது. உள்ளே பிராவுக்குப் பதில் கிராப் டாப். வரிசையில நிற்கும்போதே மேல் பாதியை இறக்கி, ரெண்டு கையையும் இடுப்புல முடிச்சுப் போட்டுக்கணும். உள்ளே போனா அது வெறும் பேன்ட்தான். அதுக்கும் சோம்பலா இருந்தா ஒரே துணியில மேல்சட்டையும் பேன்ட்டும் தனித்தனியா இருக்கிற செட். படத்துல ஜம்ப்சூட் மாதிரியேதான் தெரியும்.

வெம்ப்ளிவாசி:
ரெண்டு பேரும் விட்டது பாவாடை. கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிக்கிற, தொடையிலை இறுக்காத பருத்திப் பாவாடை, அதுக்குக் கீழே சைக்கிள் ஷோர்ட்ஸ். தொடை உரசாது, இருந்து எழும்பச் சுகம். பெண்களுக்கெண்டு குந்தியிருக்கிற யூரினல் இப்ப இருக்கு, பீக்வல் எண்டு பேர், பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலை படிச்ச ரெண்டு பொம்பிளையள் வடிவமைச்சது. கதவைத் திறக்கிற பூட்டுற வேலை இல்லாதபடியா வரிசை கெதியாப் போகும். அதிலை பாவாடைக்குப் பக்கத்திலை ஒண்டும் நிக்காது.

இன்னொண்டு. ஊரிலை கிணத்தடியிலை உள்பாவாடையை நெஞ்சுக்கு ஏத்திக் கட்டிக் குளிப்பினமே, அதே முறை டென்ட்டிலையும் சரி வரும். மூண்டு பேர் ஒரே டென்ட் எண்டால் உடுப்பு மாத்த வேறை மறைப்புத் தேவையில்லை. ஒரு உள்பாவாடை 150 கிராம் வருமோ? துவாயாவும் பாவிக்கலாம்.

மழைமானி:
பாவாடைக்கு மறுப்பில்லை, நீளத்துக்கு உண்டு. களிமண் நிலம் அது. சேற்று ஆண்டில் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டராவது மேலே இல்லாவிட்டால், விளிம்பு உறிஞ்சிய ஈரம் முழங்கால் வரை ஏறும்.

பாவாடையோ பேன்ட்டோ, மறைவாக வேலியோரம் ஒதுங்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அது நிலத்தடி நீருக்கும் பண்ணை வழியே ஓடும் ஓடைகளுக்கும் போகிறது, மீன் சாகிறது. விழாவுக்கு உரிமம் கிடைப்பதே அந்த நீர் சுத்தமாக இருப்பதைப் பொறுத்தது.

புதுவரவு:
காலுக்கு? வெல்லி எல்லாரும் சொல்கிறார்கள்.

மழைமானி:
எல்லாரும் சொல்வதற்கு ஒரு காரணம் 2005இல் மாடல் அழகி கேட் மாஸ் குட்டை ஷார்ட்ஸோடு ஹண்டர் வெல்லி போட்டு அங்கே எடுக்கப்பட்ட படங்கள். ரப்பர் மூச்சு விடாது. வியர்வை உள்ளேயே தங்கி, தோல் வெளுத்து ஊறி, கொப்புளமாகும். குதிகால் நிற்காமல் வழுக்கும். மேல் விளிம்பு வெறும் கெண்டைக்காலில் உரசி வளையமாகச் சிவக்கும். ஒரு நாளைக்கு 15 கிலோமீட்டர் சாதாரணமாக நடக்கும் இடத்தில் இது தண்டனை. நீர்புகா நடைபூட்ஸ், மேலே கெய்ட்டர் (பூட்ஸ் வாயையும் கெண்டைக்காலையும் மூடும் உறை), போதும்.

ஜிகினா:
இதுல நான் உங்களுக்கு நேர் எதிர். 2016 சேறு எப்படின்னு தேடிப் பாருங்க. சேறு கணுக்காலைத் தாண்டிட்டா நடைபூட்ஸுக்குள்ள மேலேயிருந்து தண்ணி இறங்கும். தண்ணியை உள்ளே விடாத அந்த பூட்ஸ் சவ்வு, உள்ளே போனதையும் வெளியே விடாது. ஞாயிறு வரைக்கும் ஈரம்தான். கெய்ட்டர் மழையைத் தடுக்கும், கூழ்ச் சேத்தை எவ்வளவு நேரம் தடுக்கும்? வெல்லியைக் குழாயடியில கழுவி, துணியால துடைச்சா அஞ்சு நிமிஷத்துல திரும்பப் போடலாம்.

நீங்க சொன்ன குறையெல்லாம் அளவு தப்பா வாங்கினா வர்றது. அரை அளவு பெரிசா எடுத்து உள்ளே தனி இன்சோல் வைக்கணும். சாக்ஸ் பூட்ஸ் விளிம்பைவிட நீளமா இருந்து மேலே மடிஞ்சு வரணும், அப்ப வளையம் விழாது. கெண்டைக்கால் பருமனா இருந்தா அகலமான வகை தனியா விற்கிறாங்க, இல்லைன்னா முக்கால் உயரம். புதுசைப் போட்டுக்கிட்டு நேரா போகாதீங்க. ரெண்டு வாரம் கடைக்குப் போறப்ப எல்லாம் மாட்டுங்க.

வெம்ப்ளிவாசி:
சேறு எண்டால் ஜிகினா சொல்றதுதான் சரி. வெயில் வருசம் எண்டால் அதே வெல்லி அடுப்பு. 2019, 2023, 2025 எல்லாம் வெயிலும் புழுதியும். புதன்கிழமைக்கு ரெண்டு நாள் முந்தி வானிலையைப் பாத்து ஒண்டை மட்டும் எடுங்கோ. மற்றச் சோடி பழைய ஓடுற சப்பாத்து. அதைக் காலிலை போட்டுக்கொண்டு, வெல்லியைப் பையின்ரை வெளியிலை கட்டுங்கோ. வெல்லிக்குள்ள சும்மா விடாமல் சாக்ஸையும் டோர்ச்சையும் அடையுங்கோ.

மழைமானி:
வானிலை ஐந்து நாளுக்கு நம்பகமாக இருந்தால் நான் ஏன் விவாதிக்கிறேன்! 2005இல் வெள்ளிக்கிழமைக் காலை இடிமழைதான் டென்ட்டுகளை மூழ்கடித்தது, முதல் இரண்டு நாளும் வெயில். சரி, சாக்ஸில் சண்டை இருக்காது: மெரினோ கம்பளி 6 ஜோடி, ஒரு ஜோடி தூங்குவதற்கு மட்டும். அது ஸ்லீப்பிங் பேக்கை விட்டு வெளியே வரக் கூடாது. நனைந்த காலை இரவில் துடைத்து, விரலிடுக்கை நன்றாகக் காயவிட்டு அந்த உலர்ந்த ஜோடியைப் போட்டால் மறுநாள் கால் புதிதாக எழும். விடிய விடிய ஈரத்திலேயே கிடந்தால்தான் 'டிரெஞ்ச் ஃபுட்' என்பார்களே, ஈரத்தில் ஊறிக் கால் கெடுவது, அது வரும்.

புதுவரவு:
குளியல்? வெட் வைப்ஸ் இல்லாமல் முடியுமா?

ஜிகினா:
முடியாது. முகத்துக்கு ஒண்ணு, அக்குளுக்கு ஒண்ணு, கீழே ஒண்ணு, காலுக்கு ஒண்ணு. அஞ்சு நாளைக்கு 20. ஒரு பாக்கெட் போதும், நாலு எதுக்குன்னு தெரியல.

மழைமானி:
ஒன்றுகூட வேண்டாம், கொண்டுவராதீர்கள் என்று விழாக்காரர்களே கேட்கிறார்கள். பல வகைகளில் பிளாஸ்டிக் நார். லாங் டிராப்பில் போட்டால் உறிஞ்சும் லாரியின் குழாய் அடைக்கும். கம்போஸ்ட் கழிப்பறையில் போட்டால் அந்த உரமே கெடும். அங்கே மரத்தூள் ஒரு கை, அவ்வளவுதான் மேலே விழ வேண்டும்.

மாற்று இது: கைக்குட்டை அளவு மஸ்லின் துணி 3, அரை லிட்டர் தண்ணீர், சிறு சோப்புத் துண்டு. முதல் துணி சோப்புக்கு, இரண்டாவது வெறும் நீரில் துடைக்க, மூன்றாவது உலர்த்த. மேலிருந்து கீழே, முகம் முதலில், கால் கடைசியில். அலசிக் கயிற்றில் போட்டால் மெல்லிய துணி என்பதால் வெயிலில் ஒரு மணி நேரத்தில் காயும். கிரீன்பீஸ் திடலில் ஷவர் உண்டு, வரிசையும் உண்டு.

ஜிகினா:
மழை வருசத்துல உங்க மூணு துணியும் அஞ்சு நாள் ஈரமா நாறும். அப்ப என்ன பண்ணுவீங்க?

மழைமானி:
பிழிந்து, ஸ்லீப்பிங் பேக்குக்கும் பாய்க்கும் நடுவே விரித்து அதன் மேல் படுத்தால் உடல் சூட்டில் பெரும்பாலும் காயும். நாறினாலும் வீட்டுக்குப் போய்த் துவைக்கலாம். உங்கள் வைப்ஸ் போகுமிடம் குப்பைதான்.

வெம்ப்ளிவாசி:
தலைமயிரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை. நீளமான கறுத்த மயிருக்கு டிரை ஷாம்பூ வெள்ளையாப் படியும். அது மாப்பொருள், எண்ணெயை உறிஞ்சும், ஆனால் இரவுப் பனி பட்டால் உச்சியிலை பசையாகும். வேணுமெண்டால் படுக்க முந்திக் கொஞ்சம் வேரிலை போட்டுத் தேய்ச்சு, காலமை வாருங்கோ. சோளமாவும் கொக்கோத் தூளும் சரிபாதி கலந்தால் வெள்ளை தெரியாது.

அதைவிட நல்லது புதன் காலமை தலை முழுகி, நல்லாக் காயவிட்டு, ரெண்டு பின்னல் இறுக்கி விடுறது. மேலே பருத்தித் துணி. புழுதி வருசத்திலை அதே துணி மூக்குக்கும் உதவும். அங்கத்தைப் புழுதியிலை காய்ஞ்ச மாட்டுச் சாணியும் கிடக்கு.

ஜிகினா:
பின்னலுக்கு முன்னாடி தேங்காய் எண்ணெய் வைக்கலாமான்னு அடுத்து யாராவது கேட்பாங்க. வைக்காதீங்க, புழுதி முழுக்க ஒட்டும். ஆனா சின்ன பிளாஸ்டிக் டப்பாவுல 30 மில்லி கட்டாயம் வேணும். 24 டிகிரிக்குக் கீழே உறையறதால அங்கே பெரும்பாலும் கட்டியாத்தான் இருக்கும், பையில கொட்டாது. முகத்து ஜிகினாவை எடுக்க அதைவிட நல்லது இல்லை. எண்ணெயைத் தடவி ஒரு நிமிஷம் விட்டு டிஷ்யூவால ஒத்தி எடுங்க, அந்த டிஷ்யூவைக் குப்பையில போடுங்க. குழாயடியில கழுவினா மொத்தமும் மண்ணுக்குப் போகும். ஜிகினா வாங்கும்போது செல்லுலோஸ் வகை. அதிலும் சிலதுக்கு மேலே அலுமினியம், பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அட்டையைப் படிங்க. ஃபவுண்டேஷன், பெர்ஃப்யூம் எல்லாம் பிளாஸ்டிக் குப்பிக்கு மாத்தணும். கண்ணாடிப் பொருளுக்கு அனுமதி இல்லை. மாடு மேயற நிலம், ஒரு சில்லு போதும் குளம்பைக் கிழிக்க.

மழைமானி:
அப்படியே அந்த சீக்குவின் ஜாக்கெட்டையும் யோசியுங்கள். பை வார் உரசிய இடத்திலெல்லாம் உதிரும். அதுவும் பிளாஸ்டிக்தான், அதே மாடுதான்.

ஜிகினா:
பை வார் மேல போடற துணி இல்ல அது. ராத்திரி டென்ட்டுலேருந்து இடுப்புப் பை மட்டும் கட்டிட்டுக் கிளம்பும்போது போடறது. நூல் தளர்ந்த ஓரத்தை வீட்டிலேயே உள்பக்கம் தைச்சுட்டு வாங்க. விட்டுத்தர மாட்டேன்!

புதுவரவு:
மாதவிடாய் அந்த வாரத்தில் வரும்போல் இருக்கிறது. மாதவிடாய்க் கப் பழக்கம் இல்லை.

வெம்ப்ளிவாசி:
பழக்கம் இல்லையெண்டால் அங்கை தொடங்காதேங்கோ. ரெண்டு மூண்டு மாதம் முந்தி வீட்டிலை பழகினால்தான் சரி. கப்பை 8 தொடக்கம் 12 மணித்தியாலம் விடலாம், எண்டபடியால் காலமையும் இரவும் மட்டும் வேலை. சோப்பாலை கை கழுவிப்போட்டு, போத்தல் தண்ணியோடை உள்ளே போகவேணும். கை ஜெல் பூசின ஈரக் கையாலை தொட்டால் எரியும்.

மழைமானி:
கூரையில்லாத, வெளிச்சமில்லாத இரும்பு அறையில் இரவு இரண்டு மணிக்குக் கப்பைக் கழுவுவதைப் பரிந்துரைக்க மாட்டேன். கைநழுவினால் தொட்டிக்குள் போகும். பீரியட் பேன்ட் (இரத்தத்தை உறிஞ்சும் உள்ளாடை) 4, கூடவே நாப்கின். பயன்படுத்தியதைச் சுருட்டி ஜிப் பையில் போட்டு வெளியே குப்பைத் தொட்டிக்கு. மாத்திரையால் தள்ளிப்போட நினைத்தால் நோரெதிஸ்டெரோன் வழக்கமாக நாள் வருவதற்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்த பிரச்சினை வந்தவர்களுக்கு ஆகாது. மருத்துவரையோ மருந்தாளரையோ முன்கூட்டியே பாருங்கள்.

வெம்ப்ளிவாசி:
பீரியட் பேன்ட் நாலையும் எங்கை தோய்ப்பீங்கள்? அஞ்சு நாள் வெயிலிலை டென்ட்டுக்குள்ள பூட்டின பையோ? ஹெட்டோர்ச் போட்டால் ரெண்டு கையும் சும்மா இருக்கும், கப் விழாது.

ஜிகினா:
ஹெட்டோர்ச்சுக்கு நானும் ஓட்டு. எல்லாரும் உடுப்பைப் பத்தியே பேசறோம், குளிர்தான் பெண்களைத் திருப்பி அனுப்புது. பகல் 22 டிகிரின்னா ராத்திரி 9, 10. ஸ்லீப்பிங் பேக் அட்டையில 'கம்ஃபர்ட்', 'லிமிட்'னு ரெண்டு எண் இருக்கும். ஐஎஸ்ஓ 23537 தரப்படி கம்ஃபர்ட் எண்தான் பெண் உடம்பை வச்சுக் கணிச்சது, லிமிட் ஆண் உடம்பை வச்சு. கடையில பெரிசா எழுதியிருக்கிற எண் லிமிட்டா இருந்தா ஏமாந்துடுவீங்க. கம்ஃபர்ட் 5 டிகிரி எடுங்க. கீழே காத்துப் பாய்க்கு ஆர்-மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கிற அளவு) 2க்கு மேல.

மழைமானி:
இதில் முழு உடன்பாடு. கூடவே மெல்லிய கம்பளி மேல்சட்டை ஒன்று, பேன்ட் ஒன்று, தூங்க மட்டும். ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும், ஏழு மணிக்கு டென்ட் வேகும். கண்மறைப்பும் காதடைப்பும் 20 கிராம்தான்.

புதுவரவு:
இப்போதைய கணக்கு: பாவாடை 2, சைக்கிள் ஷார்ட்ஸ் 2, தனித்தனி செட் 1, டி-ஷர்ட் 4, மழைக்கோட்டு, உள்பாவாடை, ஜிகினா. டெனிம் இல்லை. லென்ஸ் போடுகிறேன், அதற்கு?

வெம்ப்ளிவாசி:
ஜூன் கடைசி, புல் மகரந்தம் உச்சம். அதோடை புழுதி. ஒருநாள் லென்ஸ் 6 சோடி, போட்டு எறியிற வகை. கழுவிற கரைசல் தூக்கத் தேவையில்லை. கட்டாயம் கண்ணாடியும். தூசிக் கையாலை கண்ணைத் தொடாதேங்கோ.

மழைமானி:
லென்ஸே வேண்டாம். கண்ணாடி மட்டும்.

ஜிகினா:
தொடங்கிட்டாரு.